ஆழமாக நட்ட மரம்

எங்கள் கோல்டர்ஷாவில் ஜூன் மாதம் பிறந்தால் நகராட்சிக்கே காய்ச்சல் வந்துவிடும். நன்றாகப் பராமரிக்கிற பூங்காவுக்குப் பச்சைக்கொடி விருது கொடுக்கிற நடுவர்கள் அந்த மாதம்தான் வருவார்கள். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை ஜெர்மனியிலிருந்து ஏர்லன்டால்காரர்களும் ஒரு பஸ் நிறைய வந்து இறங்குவார்கள். ஏர்லன்டால் எங்களுக்கு இரட்டை ஊர், ஊருக்கு ஊர் சம்பந்தி மாதிரி. ஊர் எல்லைப் பலகையில் எங்கள் பேருக்குக் கீழே அவர்கள் பேரும் இருக்கிறது. பாழாய்ப்போன அந்த வருஷம் நடுவர்களும் விருந்தாளிகளும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தார்கள்.

நான் நோரீன். ஹோல்ம் பூங்காவில் இருபத்திரண்டு வருஷமாக டீக்கடை நடத்துகிறேன். பஞ்சாலைகள் மூடி, கடைத்தெருவில் பாதிக் கடை பலகை அடித்துக் கிடக்கிற ஊர் இது. ஆனால் பூங்கா மட்டும் அந்த வருஷத்துக்குள் தொடர்ந்து எட்டுக் கொடி வாங்கியிருந்தது. எட்டும் நெவில் கிரிம்ஷாவின் முட்டிவலியில் விளைந்தவை. நெவில் தலைமைத் தோட்டக்காரன், எனக்குப் பக்கத்து வீட்டுக்காரன். வாயைத் திறக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும், அப்படி ஒரு கல்லுளிமங்கன். அவன் பெண்டாட்டி பெரில் அவனுக்கும் சேர்த்துப் பேசிவிடுவாள். இரட்டை ஊர்க் கமிட்டிக்கு அவள்தான் செயலாளர்.

மார்ச் மாதம், காற்றும் வெயிலுமாக ஒரு நாள், பெரில் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டே ஒரு கடிதத்தை ஆட்டிக் காட்டினாள்.

"ரோஸ்விதா எழுதியிருக்கா நோரீன். தனியாத்தான் வர்றாளாம் பாவம்."

ரோஸ்விதாவின் புருஷன் டீட்மர் அந்தக் குளிர்காலத்தில்தான் தவறியிருந்தார். ஏர்லன்டால் பூங்காவுக்கு அவர்தான் தோட்டக்காரர். முப்பது வருஷமாக இங்கே வந்தால் கிரிம்ஷா வீட்டில்தான் தங்குவார்கள், புருஷனும் பெண்டாட்டியும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு, அவர்கள் ஊர்ச் சந்தைத் திடலில் நிற்கிற கிழட்டு லின்டன் மரத்தின் விதையில் முளைத்த கன்றைக் கொண்டுவந்து, எங்கள் பூங்காவில் தன் கையாலேயே நட்டார். அதற்கு ஒரு பித்தளைப் பலகையும் உண்டு. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவரிடமிருந்து கடிதம் வரும். முதல் வரி எப்போதும் ஒன்றுதான்: மரம் எப்படி இருக்கிறது?

"அவரோட கவாத்துக் கத்தியக் கொண்டாராளாம்," என்றாள் பெரில். "அந்த மரத்தடியில புதைக்கணுமாம். மேயர் வந்து நிக்கணும்னு கமிட்டியில சொல்லிட்டேன். எனக்குப் படிக்கறப்பவே கண்ணுல தண்ணி வந்துடுச்சு. இந்த மனுஷன்கிட்டப் படிச்சுக் காமிச்சேன், மாவுக்குள்ள கறி வெச்சுச் சுட்ட பையைத் தட்டுல அப்படியே வெச்சுட்டு எழுந்து போயிட்டான்."

"சிநேகிதன் செத்த துக்கம்தானே."

"துக்கம்னா கறிப் பையத் தின்னாம விடுவானா? அவங்க அம்மா செத்தன்னிக்கே ரெண்டு தின்னான்."

அன்றைக்கு நானும் சிரித்துவிட்டேன். நெவிலோ அதற்கப்புறம் சரியாகச் சாப்பிடவே இல்லை. செடி வளர்க்கிற கண்ணாடி வீட்டிலேயே கிடந்தான். நாற்றுத் தட்டுகளை இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே மாற்றிக்கொண்டிருப்பான். ஏப்ரல் போய் மே வந்தது. கோடைப் பூப்பாத்தி நடுகிற சமயம், நாலு பேர் வேலையை அவன் ஒருத்தன் செய்கிற காலம் அது. மற்ற நாளில் பத்தரை மணிக்கு வந்து பன்றிக்கறி ரொட்டி கேட்பான். அந்த மே மாதம் வெறும் டீதான்.

ஒரு வியாழக்கிழமை. மேட்டுப் புல்வெளியிலிருந்து இறங்குகிற மழை, நனைக்கவும் நனைக்காது, விடவும் விடாது. கடையில் ஆளே இல்லை. பெரில் கமிட்டிக் காகிதங்களோடு வந்து உட்கார்ந்திருந்தாள். நெவில் வந்தான், தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டான்.

"பெரில், அந்தக் கத்திய வேற எங்கயாச்சும் புதைக்கச் சொல்லேன்."

"வேற எங்க?"

"ரோஜாப் பாத்தியில. இல்லாட்டி மணிக்கூண்டுப் பக்கம்."

"ஏன்? அவர் நட்ட மரத்தடியிலதானே கேக்கறா?"

நெவில் என்னைப் பார்த்தான். நான் எழுந்து உள்ளே போகப் பார்த்தேன். "இரு நோரீன்," என்றான். "நீயும் கேட்டுக்கோ. ரெண்டு தடவை சொல்ல என்னால ஆவாது. அது அவர் நட்ட மரமில்ல."

பெரில் பேனாவைக் கீழே வைத்தாள்.

"அவர் மரத்த நான் கொன்னுட்டேன். எட்டு வருஷமாச்சு. புல்வெட்டி மெஷினால."

எங்கள் பூங்காவில் வேலைக்குச் சேருகிற எவனாக இருந்தாலும் முதல் நாள் நெவிலிடம் ஒரு பாட்டுக் கேட்டாக வேண்டும்: புல்வெட்டி மெஷினில் சுழல்கிற நைலான் நரம்பு மரத்தடியிலிருந்து ஒரு கை தூரம் தள்ளித்தான் நிற்க வேண்டும், மிச்சப் புல்லைக் கையால்தான் பிடுங்க வேண்டும். இளமரத்தின் அடிப்பட்டையைச் சுற்றிலும் அந்த நரம்பு உரித்துவிட்டால், மேலே இலை காய்ச்சுகிற சாப்பாடு வேருக்கு இறங்காது. மரம் நின்ற நிலையிலேயே பட்டினியில் செத்துப்போகும். இதை மீறியதற்காக இரண்டு பேரை அவன் வேலையை விட்டே அனுப்பியிருக்கிறான்.

"முதல் தடவையா கொடிக்கு எழுதிப் போட்டிருந்தோம்," என்றான் நெவில். "நடுவருங்க வர ரெண்டு வாரம்தான் இருந்துச்சு. ரெண்டு ஆளுக்கு ஒடம்பு சரியில்ல. நானே மெஷின எடுத்தேன். அவசரம். ஒரு சுத்து. ஒரே ஒரு சுத்து பெரில். நிறுத்திப் பாத்தா, கழுத்துல கயிறு போட்டாப்ல வெள்ளையா தெரியுது."

"அப்புறம்?"

"கொடிக்கு அனுப்பின புத்தகத்துல மொதப் பக்கத்துலயே அந்த மரம்தான். கண்ணாடி வீட்டுக்குப் பின்னால தொட்டியில அதே ஒசரத்துக்கு ஒரு லின்டன் இருந்துச்சு. விடியக்காலை அஞ்சு மணிக்கு வந்து இதப் பிடுங்கிட்டு அத நட்டுட்டேன். ஒருத்தருக்கும் தெரியாது."

"அந்த வருஷம்தான் முதல் கொடி வந்துச்சு," என்றேன் நான், வாயை மூடிக்கொண்டு இருக்காமல்.

"ஆமா."

பெரில் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. ரொம்பத் தாழ்ந்த குரலில் கேட்டாள். "நெவில், கிறிஸ்துமஸ் கடிதாசிக்கெல்லாம் யார் பதில் எழுதினது?"

அவன் தொப்பியை மறுபடி கழற்றினான்.

"நான்தானே எழுதினேன். 'மரத்தப் பத்திக் கேட்டிருக்காரே, என்ன எழுத?'ன்னு ஒவ்வொரு வருஷமும் உன்னக் கேப்பேன். நீ பேப்பருக்குப் பின்னால இருந்து 'நல்லா இருக்குன்னு எழுது'ன்னுவே. நான் எழுதுவேன். அழகா இருக்கு, பூத்திருக்கு, தேனீ வருதுன்னு சேத்து வேற எழுதுவேன். எட்டு வருஷம். என் கையெழுத்துல எட்டுப் பொய்."

"உங்கிட்டச் சொல்லியிருந்தா நீ எழுதியிருக்க மாட்டியே."

"மாட்டேன்தான்! முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். நீ முழு மரத்தையே மறைச்சிருக்கியே, பாவி மனுஷா. அதுவும் யாரு? ஒரு கை தூரம், ஒரு கை தூரம்னு ஊருக்கு உபதேசம் பண்றவன்!"

"ஆறு வருஷத்துக்கு முன்னால அவர் வந்தப்பவே சொல்லணும்னுதான் இருந்தேன். மரத்துமேல கை வெச்சுக்கிட்டு நின்னாரு. நல்லா இருக்குன்னாரு. அதுக்கு மேல எப்படிச் சொல்ல? அடுத்த தடவை சொல்லிக்கலாம்னு நெனைச்சேன். அடுத்த தடவை ஊரெல்லாம் நோய் பரவி பஸ்ஸே வரல. இப்ப அவரே இல்ல."

"ரோஸ்விதாகிட்டச் சொல்லணும்."

"சொன்னா அவ முகத்துல முழிக்க முடியுமா? முப்பது வருஷம் பெரில். எனக்குன்னு வேற யாரு சிநேகிதன் இருந்தான்?"

நான் அவன் கோப்பையில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினேன். உண்மைதான். ஊரில் எல்லோரும் நெவிலுக்கு வணக்கம் சொல்வார்கள். உட்கார்ந்து அவனோடு மண்ணைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியவர் டீட்மர் ஒருவர்தான். அதுவும் பாதி இந்த மொழி, பாதி அந்த மொழி, மிச்சம் கைஜாடை.

"நான் சொல்ல மாட்டேன்," என்றாள் பெரில், காகிதங்களை அடுக்கிக்கொண்டே. "நீதான் சொல்லணும். அவ அந்தக் கத்திய மண்ணுல வெக்கறதுக்கு முன்னால சொல்லிடணும். சொல்லாம அவளப் புதைக்க விட்டியோ, அதுக்கப்புறம் நான் உன் வீட்டுல இருக்க மாட்டேன். நெசமாத்தான் சொல்றேன்."

ரோஸ்விதா புதன்கிழமை சாயங்காலம் வந்து இறங்கினார். மெலிந்திருந்தார். தலையில் ஒரு கறுப்பு முடி இல்லை. கழுத்தில் டீட்மரின் பச்சை மப்ளர். பெரில் அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். நெவில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனவன் கால் மணி நேரம் இறங்கி வரவில்லை.

சாப்பாட்டுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் அடுக்கி அடுப்பில் நாலு மணி நேரம் வைத்தது, தொட்டுக்கொள்ள வினிகரில் ஊறிய சிவப்புக் கோஸ். டீட்மருக்கு அது உயிர். ரோஸ்விதா எங்கள் மொழியை மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துத்தான் பேசுவார். சாப்பிட்டு முடித்ததும் கைப்பையிலிருந்து கத்தியை எடுத்து மேஜையில் வைத்தார். வளைந்த அலகு, கைப்பிடி மரம் கட்டைவிரல் பட்டுப் பட்டுக் குழிந்திருந்தது.

"நாப்பது வருஷம் இது அவர் பாக்கெட்டுல இருந்தது," என்றார். "சர்ச்சுக்குப் போகும்போதும். நான் திட்டுவேன்." பிறகு நெவிலைப் பார்த்து, "மரம் எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

பெரில் தட்டுகளை எடுக்கப் போனவள் அப்படியே நின்றாள். நான் கோஸைப் பார்த்தேன். நெவிலின் காது மடல் சிவந்தது. சொல்லிவிடுவான் என்றுதான் நினைத்தேன். வாய்கூடத் திறந்தது.

"நாளன்னிக்கு நடுவருங்க வர்றாங்க," என்றான். "பாத்தியெல்லாம் ஒருக்கா பாத்துட்டு வந்துடறேன்."

கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. "நெவில் எப்பவும் தோட்டத்துக்குத்தான் போவார்," என்றார் ரோஸ்விதா. "என் ஆளும் அப்படித்தான். பேச்சு வந்தால் தோட்டம்."

வெள்ளிக்கிழமை நடுவர்கள் வந்தார்கள், ஓர் ஆணும் ஒரு பெண்ணும். புல்லைத் தடவிப் பார்த்தார்கள், கழிப்பறைக் கதவைத் திறந்து பார்த்தார்கள், என் கடையில் ஸ்கோன் ரொட்டி தின்றார்கள், நல்லபடியாகச் சொன்னார்கள். லின்டன் மரத்தடியில் அந்த அம்மா குனிந்து ஷூ நுனியால் மண்ணைத் தள்ளினாள்.

"கொஞ்சம் ஆழமா நட்டிருக்கோ? அடிமரம் விரிஞ்சு வேர் ஆரம்பிக்கற எடமே கண்ணுல படலியே. இந்த வயசு மரத்துக்கு மேல கிளையும் கொஞ்சம் காஞ்சாப்ல இருக்கு."

"பாக்கறேன்," என்றான் நெவில். நான் டீத்தட்டோடு பக்கத்தில்தான் நின்றேன். அவன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு மேயர் வருவதாக ஏற்பாடு. பத்தரைக்கே நான் பிளாஸ்க்கோடு மரத்தடிக்குப் போய்விட்டேன். நல்ல வெயில். பெரில் ரோஸ்விதாவை அழைத்து வந்தாள். நெவில் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தான், கல்யாணத்துக்கு வாங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு, கையில் சின்ன மண்வெட்டி. பெரில் அவனைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்குப் பயந்தே நான் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன்.

ரோஸ்விதா முட்டி போட்டு உட்கார்ந்தார். மப்ளரை அவிழ்த்துப் புல்லில் விரித்தார். கத்தியை அதன்மேல் வைத்தார்.

"மேயர் வர்றதுக்கு முன்னால குழி மட்டும் தோண்டி வெச்சுடலாமா, நெவில்?"

அவன் மண்வெட்டியைக் கொடுக்கவில்லை.

"ரோஸ்விதா. வேணாம். இங்க வேணாம்."

"ஏன்?"

"இது அவர் மரமில்ல. அவர் மரம் செத்துப்போச்சு. நான்தான் கொன்னேன். என் கையாலதான். மெஷின் பட்டுடுச்சு. யாருக்கும் தெரியாம வேற மரத்த நட்டு வெச்சேன். அவர் கேட்டப்பல்லாம் நல்லா இருக்குன்னு சொன்னேன். பெரிலுக்கு அப்பத் தெரியாது. அவள நம்ப வெச்சு எழுத வெச்சேன். எட்டு வருஷமா…"

அதற்கு மேல் அவனால் முடியவில்லை. அறுபத்தாறு வயது ஆள், கோட்டுக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றான். பெரில் அவன் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். தொடவில்லை, பக்கத்தில் நின்றாள்.

ரோஸ்விதா எழுந்திருக்கவில்லை. கத்தியை மப்ளரின்மேல் நேராக நகர்த்தி வைத்தார்.

"அவருக்குத் தெரியும்," என்றார்.

"என்னது?"

"ஆறு வருஷம் முன்னால இங்கே வந்தாரே, அன்னிக்கே. அந்தக் கன்றுல இடுப்பு உயரத்துல ஒரு கிளையை இந்தக் கத்தியால அவர்தான் வெட்டினார். தழும்பு இருக்கணும். கை வெச்சுத் தேடினார். இல்லை. பஸ் ஏறினதும் என் காதுல சொன்னார்: 'நான் நட்ட மரம் செத்துடுச்சு. நெவில் வேற நட்டிருக்கான். அவசரமா நட்டிருக்கான் பாவம், ரொம்ப ஆழம்.'"

நெவில் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டான்.

"அப்ப ஏன் கேக்கல?" என்றாள் பெரில். "ஏன் வருஷா வருஷம் மரம் எப்படி இருக்குன்னு எழுதினாரு?"

"அதுதான் அவர் கேட்டது, பெரில். வேற எப்படிக் கேட்பார்? 'நீ பொய் சொல்றே'ன்னு எழுத முடியுமா? மரம் எப்படி இருக்குன்னு கேட்பார். உன் பதில் வரும். படிச்சுட்டு, 'இன்னும் சொல்ல முடியலை போல'ன்னுவார். ஊருக்கு வந்ததும் திடல் மரத்து விதையிலேயே இன்னொரு கன்று போட்டார், தொட்டியில. இப்ப என் தோள் உயரம். கொண்டுவரணும்னு ஆசை. ஆனா கொண்டுவந்தா, அவருக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரிஞ்சுடுமே. உங்களுக்குச் சங்கடமாயிடுமேன்னு அதைத் தொட்டியிலேயே வெச்சிருந்தார். இப்போ எல்லையில மண்ணும் செடியும் விட மாட்டாங்க, நூறு காகிதம் கேட்கிறாங்க."

நெவில் தலையைக் கையில் தாங்கிக்கொண்டான். "நான் சொல்லியிருக்கணும். சொல்லியிருந்தா சிரிச்சிருப்பாரு."

"சிரிச்சிருப்பார். அப்புறம் ஒரு மணி நேரம் உங்களைத் திட்டியிருப்பார்."

"தெரிஞ்சே எதுக்கு இங்க புதைக்கறேன்னு எழுதினீங்க?" என்று கேட்டான் நெவில்.

"நீங்க சொல்லுவீங்கன்னுதான். அவர் கேட்டுக் கேட்டுக் காத்துக்கிட்டே போய்ச் சேர்ந்தார். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது." முதல் தடவையாக அவர் கண் கலங்கியது. அதை மறைக்கவும் இல்லை. புதன்கிழமை கேட்ட அதே குரலில் கேட்டார். "இப்ப சொல்லுங்க நெவில். மரம் எப்படி இருக்கு?"

நெவில் திரும்பி மரத்தை அண்ணாந்து பார்த்தான். எட்டு வருஷமாக அவன் அந்த மரத்தை நேராகப் பார்த்ததே கிடையாது என்று எனக்கு அப்போதுதான் பட்டது.

"நல்லா இல்ல," என்றான். "உச்சி காயுது. ஆழமா நட்டுட்டேன். கழுத்து வரைக்கும் மண்ணு. மூச்சு விட முடியாம நிக்குது."

"அப்ப எடுத்து விடுங்க."

கோட்டோடு முட்டி போட்டு உட்கார்ந்து கையால் மண்ணைப் பறிக்க ஆரம்பித்தான். எதிர்ப் பக்கத்திலிருந்து ரோஸ்விதாவும் பறித்தார். ஒரு சாண் ஆழம் போனதும் அடிமரம் விரிகிற இடம் தெரிந்தது. அதைச் சுற்றி, விரல் தடிப்பில் ஒரு வேர், தொட்டியில் இருந்த காலத்திலேயே வளைந்த வேர், மரத்தின் கழுத்தை நெரித்துக்கொண்டு கிடந்தது.

"இதான்," என்றான் நெவில். "இன்னும் ரெண்டு வருஷம் விட்டிருந்தா இதையும் கொன்னிருப்பேன்." கோட்டுப் பையைத் தடவினான். கல்யாணக் கோட்டில் கத்தி ஏது?

ரோஸ்விதா மப்ளரின் மேலிருந்த கத்தியை எடுத்துத் துடைத்து, கைப்பிடி அவன் பக்கம் இருக்கும்படி நீட்டினார்.

சரியாக அந்த நேரத்துக்கு மேயர் வந்து சேர்ந்தார், தங்கச் சங்கிலி, கமிட்டி ஆட்கள், படம் பிடிக்கிறவன் சகிதம். குழிக்குள் கையை விட்டுக்கொண்டு இரண்டு கிழங்கள் மண்ணாகிக் கிடக்கிறதைப் பார்த்து, "நாங்க சீக்கிரம் வந்துட்டோமோ?" என்றார். "நீங்க செத்த சும்மா நில்லுங்க," என்றாள் பெரில். மேயரை யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. மனுஷன் சும்மா நின்றார். நெவில் வேரை இரண்டு இடத்தில் அறுத்து, துண்டை உருவி வெளியே போட்டான்.

கத்தியைப் புதைக்கவில்லை. அதை மடித்து நெவிலின் கோட்டுப் பையில் ரோஸ்விதாவே போட்டார். "சர்ச்சுக்குப் போகும்போதும்," என்றார். மேயர் எழுதிக்கொண்டு வந்த பேச்சில் கத்தி மண்ணில் உறங்குவதாக இருந்தது. பாவம், அதை அப்படியே படித்துவிட்டார்.

திங்கள்கிழமையே நெவில் நகராட்சிக்கும் நடுவர்களுக்கும் எல்லாவற்றையும் எழுதிப்போட்டான். பித்தளைப் பலகையைக் கழற்றிவிட்டார்கள். அந்த வருஷம் கொடி வந்ததா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வந்தது, இரண்டு மார்க் குறைந்து வந்தது. பெரில் ஒன்றரை மாதம் அவனோடு சரியாகப் பேசவில்லை. அந்தச் சண்டையைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து நான் கேட்டதை எழுதினால் நாலு புத்தகம் வரும்.

டிசம்பரில் ரோஸ்விதாவுக்குக் கிறிஸ்துமஸ் கடிதம் எழுதுகிற நாள் வந்தது. பெரில் பேனாவையும் காகிதத்தையும் நெவில் முன்னால் தள்ளிவிட்டு, எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டாள். "இனிமே அவன் பொய்ய அவனே எழுதிக்கட்டும், அவன் நெசத்தையும் அவனே எழுதிக்கட்டும்," என்றாள். முப்பது வருஷத்தில் அவன் எழுதிய முதல் கடிதம் அது. இரண்டு மணி நேரம் பிடித்தது. ஒட்டுவதற்கு முன்னால் எங்களிடம் காட்டினான். நாலே வரி. மேலே, மற்ற எதற்கும் முன்னால், கோணல்மாணலாக எழுதியிருந்தான்:

தொட்டியில் இருக்கிற மரம் எப்படி இருக்கிறது? ஜூன் மாதம் உங்கள் ஊருக்கு வந்து நானே நடுகிறேன். பூப்பாத்தியை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.